சுற்றுவது தலையா, வீடா?

முதியோர் நலம் பற்றிய இந்தப் பகுதிக்குச் சென்ற மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘தலைச்சுற்றல்’ என்ற சொல்லில்தான் தொடங்கியிருந்தன. முழுவதும் படித்தபோது, அந்த ஒரு சொல்லுக்குள் அறையே சுழல்வது, எழுந்ததும் கண் இருள்வது, நடை தள்ளாடுவது, தலைக்குள் ஏதோ கனத்துக் கிறுகிறுப்பது என ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல தொல்லைகள் இருந்தன. மருத்துவரிடம் போய் ‘தலை சுற்றுகிறது’ என்று மட்டும் சொன்னால், கூட்டம் மிகுந்த நேரத்தில் அந்த ஒரு சொல்லுக்கு ஒரு மாத்திரைதான் பதிலாகக் கிடைக்கும். என்ன செய்யும்போது வருகிறது, எத்தனை நொடி அல்லது எத்தனை மணி நேரம் நீடிக்கிறது, கூடவே வேறு என்ன நேர்கிறது ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்பவருக்குப் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

கேள்வி: எனக்கு வயது 68. மூன்று மாதங்களாக விடியற்காலையில் இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் மின்விசிறியோடு கூரையும் சேர்ந்து சுற்றுகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஆனால் குமட்டல் வெகுநேரம் இருக்கிறது. கோலம் போடக் குனிந்தாலும், கோவிலில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாலும் அதே நிலைதான். கழுத்தில் எக்ஸ்ரே எடுத்து, எலும்புத் தேய்மானம் என்று சொல்லிப் பட்டை கொடுத்தார்கள். தினமும் இரண்டு வேளை மாத்திரையும் சாப்பிடுகிறேன். குணம் தெரியவில்லையே?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது, அம்மா. படுக்கையில் புரளும்போதும், குனியும்போதும், அண்ணாந்து பார்க்கும்போதும் மட்டும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் சுழற்சி பெரும்பாலும் உட்செவியிலிருந்து வருவது. முதியோரிடம் மிக அதிகமாகக் காணப்படும் தலைச்சுற்றல் வகைகளில் இது ஒன்று. அதைவிட முக்கியமாக, மாத்திரையே இல்லாமல் பெரும்பாலும் குணமாகிவிடக் கூடியது.

உட்செவியில் இரண்டு விதமான கருவிகள் உள்ளன. ஒன்று, புவியீர்ப்பை உணரும் சிறு பை. அதன் மெத்தைமேல் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய துகள்கள் பதிந்திருக்கும். மற்றொன்று, தலை திரும்புவதை உணரும் மூன்று அரைவட்டக் குழாய்கள். அவற்றுக்குள் நீர் போன்ற திரவம் இருக்கிறது. சிறுவயதில் தட்டாமாலை சுற்றிவிட்டுச் சட்டென்று நின்றபோது தெருவே சுழன்றது நினைவிருக்கும். உடல் நின்ற பின்னும் குழாயிலிருந்த திரவம் நிற்காமல் ஓடியதுதான் அதற்குக் காரணம். வயதாகும்போது மெத்தையிலிருந்து சில துகள்கள் பெயர்ந்து குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. நீங்கள் புரளும்போது அந்தத் துகள்கள் சரிந்து திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகின்றன. தலை அசையாமல் இருந்தாலும் மூளைக்கு ‘சுழல்கிறோம்’ என்ற செய்தி போகிறது. துகள் அடியில் போய்ப் படிந்ததும் சுற்றல் நின்றுவிடுகிறது.

இதைக் கண்டறிய ஸ்கேன் வேண்டியதில்லை. ஒரு படுக்கையே போதும். உட்கார்ந்திருப்பவரின் தலையை ஒரு பக்கமாக 45 பாகை திருப்பி, அவரைச் சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, தலை படுக்கையின் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி பிடித்துக்கொண்டு மருத்துவர் அவருடைய கண்களைப் பார்ப்பார். துகள் இருந்தால், ஓரிரு நொடிகள் கழித்து விழிகள் சுழன்று துடிக்கத் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். லண்டனில் மருத்துவர்கள் மார்கரெட் டிக்ஸும் சார்லஸ் ஹால்பைக்கும் 1952-இல் விவரித்த இந்தச் சோதனை இன்றும் மாறவில்லை.

சிகிச்சையும் இதைப் போன்றதுதான். அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த காது மருத்துவர் ஜான் எப்ளி, துகளை வந்த வழியே உருட்டிப் பைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று கண்டார். தலையைத் திருப்பினால் நோய் தீருமா என்று சக மருத்துவர்கள் நெடுநாள் ஐயத்தோடேயே பார்த்தார்கள். 1992-இல் அவருடைய கட்டுரை வெளியான பிறகுதான் அந்த முறை உலகெங்கும் பரவியது. இடது காது என்றால், தலையை இடப்பக்கம் 45 பாகை திருப்பியபடி மல்லாக்கச் சாய்ந்து தலையைச் சற்றுத் தொங்கவிடுவது, சுற்றல் அடங்கியதும் தலையை மட்டும் வலப்பக்கம் திருப்புவது, பிறகு உடலோடு சேர்த்து வலப்பக்கம் ஒருக்களித்து முகம் தரையைப் பார்க்கும்படி படுப்பது, கடைசியில் கால்களைத் தொங்கவிட்டு மெல்ல எழுந்து உட்காருவது என்பது அதன் வரிசை. ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு ஓரிரு முறையிலேயே சுற்றல் நின்றுவிடுகிறது.

கைப்பேசியில் படம் பார்த்து நீங்களாகவே செய்துகொள்ள வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழாய் என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். சிலருக்குத் துகள் பக்கவாட்டுக் குழாயில் சிக்கியிருக்கும். அவர்களுக்கு எந்தப் பக்கம் புரண்டாலும் சுற்றும், எப்ளி முறை உதவாது, வேறு முறை உண்டு. கழுத்து எலும்பிலோ விழித்திரையிலோ கோளாறு உள்ளவர்களுக்கு இதை மாற்றிச் செய்ய வேண்டியிருக்கும். காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் ‘புரண்டு படுத்தால் அரை நிமிடம் சுற்றுகிறது’ என்று இதே சொற்களில் சொல்லுங்கள். சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ மீண்டும் வரக்கூடும். அப்போது பயப்படாமல் இதையே திரும்பச் செய்துகொள்ளலாம். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதையும் சரிசெய்துகொள்வது நல்லது.

கழுத்துத் தேய்மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அறுபது வயதைத் தாண்டியவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் தேய்மானம் தெரியத்தான் செய்யும், நரை தெரிவதைப் போல. தலை சுற்றாதவர்களுக்கும் அது இருக்கும். படத்தில் தெரிகிறது என்பதற்காகவே அதன்மேல் பழிபோடும் வழக்கம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றிவிட்டது.

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து நான்கு அடி வைப்பதற்குள் கண் இருண்டு இரண்டு முறை விழுந்துவிட்டார். இரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புராஸ்டேட் வீக்கம் ஆகியவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துப் பார்த்தால் அழுத்தம் 150-க்கு மேல்தான் இருக்கிறது. பிறகு ஏன் மயக்கம் வர வேண்டும்? கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகர், தேனி

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். உட்கார வைத்துப் பார்த்த அளவு உங்கள் தந்தையின் தொல்லையைக் காட்டாது. படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பார்க்க வேண்டும். 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் இன்னும் இரு முறை என்று அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், நிற்கும்போது அழுத்தம் சரிகிறது என்று பொருள். படுத்திருக்கையில் 160, நின்றதும் 110 என்று காட்டும் முதியவர்கள் உண்டு. அவர்களை வெறும் ‘கொதிப்புக்காரர்’ என்றே நடத்தி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதும் உண்டு.

நாம் எழும்போது முக்கால் லிட்டர் அளவு இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. உடனே இரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயம் சற்று வேகமாகத் துடித்து அதைச் சரிக்கட்ட வேண்டும். வயது அந்தச் செயலை மந்தமாக்குகிறது. நெடுநாள் சர்க்கரை நோய் அதை இயக்கும் நரம்புகளையே பழுதாக்குகிறது. இவற்றோடு, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கப்படும் டாம்சுலோசின் போன்ற மருந்துகள் குழாய்களைத் தளர்த்துகின்றன. நீர் மாத்திரை உடலின் நீரைக் குறைக்கிறது. தனித்தனியே ஒவ்வொன்றும் தேவைதான். வெவ்வேறு மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த இவை எல்லாம் ஒரே இரவில், ஒரே உடலில் சந்திக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் ஒரே மருத்துவரின் மேசைமேல் வையுங்கள். எதைக் குறைப்பது, எதை வேறு நேரத்துக்கு மாற்றுவது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

அதுவரை, அவருடைய கட்டிலருகே சிறுநீர்க் குடுவை ஒன்றை வையுங்கள். வெட்கப்பட்டால், இரவுக்கு மட்டும் என்று சொல்லிப் பாருங்கள். எழுந்தவுடன் நடக்கக் கூடாது. கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் இருபது முறை அசைத்த பிறகே எழ வேண்டும். வீட்டிலோ வெளியிலோ சிறுநீர் கழிக்கும்போது அவர் நிற்காமல் உட்காருவது மேல். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும், வெந்நீரில் நெடுநேரம் குளித்த பிறகும் இதே தொல்லை வரும். விரத நாட்களில் சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கும் பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது வேறொரு மயக்கத்துக்கு வழி. விழுந்தபோது தலையில் அடிபட்டிருந்து, அவர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால், இப்போது நன்றாகத் தெரிந்தாலும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: தலை சுற்றினால் எங்கள் வீட்டில் பித்தம் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைப்பார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். எந்த நிலையில் அப்படிப் படுக்க வைப்பது தவறாகும்?
— ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: திடீரென்று தொடங்கிய தலைச்சுற்றலோடு, பேச்சு குழறுவது, பொருள்கள் இரண்டாகத் தெரிவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ வலுவிழப்பது அல்லது மரத்துப்போவது, விழுங்க முடியாமல் புரையேறுவது, இதுவரை இல்லாத கடும் தலைவலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலும் அது பித்தமல்ல, மூளையின் பின்பகுதிக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டிருக்கலாம். இன்னொரு அடையாளத்தைப் பலரும் கவனிப்பதில்லை: எவ்வளவு சுற்றினாலும் காதுக் கோளாறு உள்ளவர் சுவரைப் பிடித்துக்கொண்டாவது நிற்பார்; துணையில்லாமல் நிற்கவோ உட்காரவோகூட முடியாமல் ஒருவர் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தால் தாமதிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், தொல்லை தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியிருப்பதால், மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் கேள்வியே அதுதான். விழுங்குவதில் ஐயம் இருக்கும்போது சாறோ தண்ணீரோ மாத்திரையோ வாயில் ஊற்றக் கூடாது. சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றாலும் முழுமையாக நிம்மதி அடைய முடியாது. மூளையின் பின்பகுதியில் ஏற்படும் அடைப்பு முதல் நாளில் அதில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 71, இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். எனக்குத் தலை சுற்றவில்லை. ஆனால் பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது. சோப்புப் போட்டு முகம் கழுவக் கண்ணை மூடினால் குழாயின்மீது சாய்ந்துவிடுகிறேன். சென்ற வாரம் செருப்பு ஒன்று கழன்றது தெரியாமலேயே கடைத்தெரு வரை போய்விட்டேன். காதில் குறையில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறு யாரிடம் போவது?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஐயா, நரம்பியல் மருத்துவர் செய்யும் ஒரு சோதனையை நீங்கள் தினமும் காலையில் குழாயடியில் செய்துகொண்டிருக்கிறீர்கள். நாம் நிலைத்து நிற்பதற்கு மூன்று செய்திகள் மூளைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்: கண் பார்ப்பது, உட்செவி உணர்வது, பாதமும் மூட்டுகளும் சொல்வது. ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் ஈடுசெய்யும். உங்கள் பாதங்கள் சொல்வதை நிறுத்திவிட்டதால் இத்தனை நாளும் கண்ணை நம்பியே நின்றிருக்கிறீர்கள். கண்ணை மூடியதும் அதுவும் போய்விடுகிறது. செருப்புக் கழன்றது தெரியாததும் அதனால்தான். தட்டினால் அதிரும் உலோக இசைக்கவையைக் கணுக்காலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்த்தாலே மருத்துவருக்குப் புரிந்துவிடும்.

சர்க்கரை நோய் முதன்மைக் காரணமாக இருக்கலாம். ஆனால் அத்துடன் நின்றுவிடாதீர்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் நெடுநாள் விழுங்கினால், அல்லது சைவ உணவில் பாலும் தயிரும்கூடக் குறைவாக இருந்தால், அந்தக் குறை மேலும் கூடும். பி12 குறைவும் இதே தள்ளாட்டத்தையே தரும். அதைத் திருத்த ஊசியும் மாத்திரையும் உண்டு. சர்க்கரையால் கெட்ட நரம்பை மீட்பது கடினம், இதை மீட்கலாம். அதனால் முதலில் இந்த இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

முகம் கழுவும்போது ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது முக்காலியில் உட்கார்ந்து கழுவுங்கள். குளியலறைக்குப் போகும் வழியில் இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும். இருட்டுதான் உங்களுக்கு முதல் எதிரி. வீட்டுக்குள்ளும் பின்பட்டை உள்ள செருப்பு அணியுங்கள். வெறுங்காலில் நடந்தால் பாதத்தில் முள் தைத்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. இருபார்வைக் கண்ணாடி போடுபவராக இருந்தால் படி இறங்கும்போது கவனம் தேவை; கீழ்ப்பாதி வில்லை வழியே பார்க்கும்போது படி மங்கலாகி, அதன் தூரமும் தவறாகத் தெரியும்.

இதையொட்டி ஒன்று. முன்பு காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மாதக்கணக்கில் போட்டுக்கொண்டவர்களும், கடும் தொற்றுக்கு ஜென்டாமைசின் ஊசி போட்டுக்கொண்டவர்களும் சிலர், ‘இருட்டில் நடக்க முடியவில்லை, நடக்கும்போது கடைப் பலகை எழுத்துகள் குதிக்கின்றன’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மருந்துகள் இரண்டு காதுகளின் சமநிலைக் கருவியையும் ஒன்றாகப் பழுதாக்கக் கூடியவை. இரு பக்கமும் சமமாகக் குறைந்துவிடுவதால் சுற்றல் இருக்காது, தள்ளாட்டம் மட்டுமே இருக்கும். பழைய சிகிச்சைச் சீட்டு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயது. தலைச்சுற்றலுக்காக ஓராண்டுக்கு முன் எழுதிக்கொடுத்த சின்னரிசின் மாத்திரையை இன்னும் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடுகிறார். சில மாதங்களாகக் கை நடுங்குகிறது, நடை சின்னச் சின்ன அடியாகிவிட்டது, முகத்தில் சிரிப்பே இல்லை. வயதானால் இப்படித்தான் என்கிறார்கள்.
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் கவனித்து எழுதியது பெரிய உதவி. சின்னரிசின், ஃப்ளூனரிசின், புரோகுளோர்பெரசின் ஆகிய மூன்றும் உடல் அசைவைச் சீராக்க உதவும் டோபமின் என்ற வேதிப்பொருளின் செயலை மூளையில் தடுக்கக் கூடியவை. முதியவர்களுக்கு நெடுநாள் கொடுத்தால் பார்க்கின்சன் நோயைப் போலவே நடுக்கமும் விறைப்பும் மந்தமும் வரலாம். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ குறைந்துவிடுகிறது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ இந்த வாரமே அழைத்துப் போங்கள். மருந்தின் விளைவு என்று அறியாமல், நடுக்கத்துக்கென்று இன்னொரு மாத்திரை சேர்க்கப்படுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இந்த மாத்திரைகள் கடும் சுற்றலும் வாந்தியும் உள்ள முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உரியவை. அதற்குமேல் சாப்பிட்டால், பழுதான காதுக்கு ஏற்ப மூளை தன்னைத் திருத்திக்கொள்ளும் வேலையையே மந்தப்படுத்துகின்றன. தூக்கக் கலக்கமும் சேர்ந்து விழும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. தலைச்சுற்றலுக்குத் தரப்படும் இன்னொரு மாத்திரையான பெட்டாஹிஸ்டின் இந்த வகையில் அவ்வளவு தீங்கானதல்ல. காதடைப்பும் இரைச்சலும் செவித்திறன் குறைவும் சேர்ந்து, 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை சுற்றும் மெனியர் நோய்க்கு அது தரப்படுகிறது. ஆனால் 2016-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் அந்த நோயிலும்கூட அது மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இருக்கவில்லை.

மாத்திரைக்குப் பதிலாக என்ன என்று கேட்பீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் மருத்துவர்கள் காதோர்னும் குக்ஸியும் வகுத்த தலை, கண் பயிற்சிகளின் வழியில் இன்றும் இயன்முறை மருத்துவர்கள் சமநிலைப் பயிற்சி அளிக்கிறார்கள். அதில் ஒன்றை நீங்களே தொடங்கிவைக்கலாம். தினசரி நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, மாமியாரின் கண்ணுக்கு நேரே கைநீளத் தூரத்தில் சுவரில் ஒட்டுங்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தேதி எண்ணிலிருந்து பார்வையை எடுக்காமல், தலையை மட்டும் ‘இல்லை’ என்பதுபோல் இடமும் வலமும் ஆட்ட வேண்டும். எண் மங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒரு நிமிடம், நாளுக்கு மூன்று வேளை. முதல் சில நாட்கள் இலேசாகக் கிறுகிறுக்கும். மூளை கற்றுக்கொள்வதே அந்தக் கிறுகிறுப்பிலிருந்துதான் என்பதால் அதற்காக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: எனக்கு 79 வயது. ஒருமுறை வாசற்படியில் தடுமாறி விழுந்ததிலிருந்து வெளியே போகவே அச்சமாக இருக்கிறது. இடது முழங்கால் வலுவில்லை. என் கணவர் வைத்திருந்த கைத்தடி வீட்டில் இருக்கிறது. எடுத்தால் எல்லாரும் கிழவி என்பார்களே என்று தயக்கம். எந்தக் கையில் பிடிக்க வேண்டும்?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: வலது கையில். வலுவில்லாத காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடித்து, இடது காலும் தடியும் ஒன்றாக முன்னே போகும்படி நடக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியோடு வலுவில்லாத கால் முதலில். விழுந்த அச்சத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்தால் சில வாரங்களில் தொடைத் தசைகள் மெலிந்து, விழும் வாய்ப்புதான் கூடும். ஆகவே முதலில் யாரையேனும் துணைக்கு அழைத்துக்கொண்டு தெருமுனை வரையாவது தினமும் போய் வாருங்கள். யார் என்ன சொன்னாலும், இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் இருப்பவரை யாரும் இளையவர் என்று சொல்வதில்லை.

உங்கள் கணவருடைய தடி உங்களுக்கு நீளமாக இருக்கக்கூடும். செருப்பு அணிந்து நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் வர வேண்டும். மிஞ்சியதைத் தச்சரிடம் கொடுத்து அடியில் அறுத்துவிட்டு, புதிய ரப்பர்க் குமிழ் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். பழையது இத்தனை ஆண்டுகளில் இறுகி வழவழப்பாகியிருக்கும், ஈரத் தரையில் நிற்காது.